ஆள்வோரை ஐயுறும் நாடு

உலகில் இன்றளவும் நடைமுறையில் உள்ள எழுதப்பட்ட அரசியலமைப்புகளுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளுடையது. 1787-இல் வரையப்பெற்று 1789-இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்கீழ்க் குடியரசுத் தலைவர் தேர்தல் ஒருமுறையேனும் தள்ளிவைக்கப்பட்டதில்லை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864-இலும் மக்கள் வாக்களித்தார்கள். இத்தகைய நாட்டில் குடிமக்கள் தம் அரசை மனமார நம்புவார்கள் என்றே நாம் எண்ணுவோம். உண்மை நிலை வேறு.

வாஷிங்டனில் உள்ள அரசு சரியானதைச் செய்யும் என்று எப்போதும் அல்லது பெரும்பாலும் நம்புகிறீர்களா என்னும் கேள்வியை ஆய்வாளர்கள் 1958 முதல் அந்நாட்டு மக்களிடம் கேட்டு வருகிறார்கள். அந்த முதல் ஆண்டில் நூற்றுக்கு 73 பேர் நம்புவதாகக் கூறினர். 1964-இல் அத்தொகை 77 ஆக உயர்ந்தது. 2023-இல் அது 16 ஆகக் குறைந்திருந்தது. ஒரு தலைமுறை நான்கில் மூவராக நம்பிய அரசை, அதன் பேரப்பிள்ளைகளுள் ஆறில் ஒருவரே நம்பினர். அரசியலார் அனைவரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், எவர் வந்தாலும் கொள்ளைதான் என்ற பேச்சு அங்கே கற்றவரிடமும் கல்லாதவரிடமும் ஒருங்கே கேட்கிறது.

இந்த அவநம்பிக்கை நேற்று முளைத்ததா? இல்லை. அந்நாட்டின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், ஆள்வோரைப் பற்றிய ஐயம் அக்குடியரசோடு உடன்பிறந்ததாகவே இருக்கக் காண்கிறோம். ஆனால் அந்த ஐயம் எக்காலத்தும் ஒரே கனியைத் தரவில்லை. சில வேளைகளில் அது சட்டமாகி நாட்டைத் திருத்தியது. வேறு சில வேளைகளில் வெறுப்பாகி அயலாரின் வீட்டுக்குத் தீ வைத்தது. எப்போது இது நிகழ்ந்தது, எப்போது அது நிகழ்ந்தது என்று பார்ப்பது நம் அனைவருக்கும் பயன்தரும்.

வானதூதர்களுக்காக எழுதப்படாத சட்டம்

அமெரிக்க அரசியலமைப்பை வரைந்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுபவர் ஜேம்ஸ் மேடிசன். புதிய சட்டத்தை மக்கள் ஏற்க வேண்டும் என்று 1787, 1788 ஆம் ஆண்டுகளில் அவரும் வேறு இருவரும் நாளிதழ்களில் கட்டுரைகள் எழுதினர். மனிதர் வானதூதர்களாக இருந்திருந்தால் அரசே வேண்டியிருந்திராது. ஆள்வோரும் வானதூதர்கள் அல்லர் என்பதால் அரசுக்கும் கடிவாளம் வேண்டும் என்ற கருத்தை அவர் அங்கே முன்வைத்தார். மனித இயல்பின் ஊனத்தைப் பற்றிய போதனையில் வளர்ந்த நமக்கு இக்கருத்து புதிதன்று. மேடிசனும் அவரோடு இருந்தவர்களும் அதனை ஆட்சி முறையாகவே ஆக்கினார்கள். சட்டம் இயற்றுவோர் ஒருவர், செயற்படுத்துவோர் வேறொருவர், நீதி வழங்குவோர் மூன்றாமவர். ஒருவர் கையை மற்றவர் பிடித்து நிறுத்தலாம். இவ்வாறு, எவரையும் முழுமையாக நம்பாமையே அந்த மாளிகையின் அடித்தளமாக இடப்பட்டது.

அச்சட்டத்தில் 'கட்சி' என்ற சொல்லே இல்லை என்பது கவனிக்கத் தக்கது. கட்சிகளை அந்தத் தலைமுறையினர் நோயாகவே கருதினர். முதல் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன் 1796 செப்டம்பரில் வெளியிட்ட பிரியாவிடை உரையில், கட்சி மனப்பான்மை ஒருவரையொருவர் பழிவாங்கும் வெறியாக முற்றி, இறுதியில் ஒரு தனிமனிதனின் கொடுங்கோன்மைக்கு வழிவிடும் என்று எச்சரித்தார். விண்ணகத்துக்கே ஆயினும் கட்சியோடுதான் போக வேண்டுமென்றால் தாம் போகப்போவதில்லை என்ற பொருளில் தாமஸ் ஜெஃபர்சன் 1789-இல் ஒரு கடிதம் எழுதினார். அதே ஜெஃபர்சன் சில ஆண்டுகளில், அலெக்சாண்டர் ஹாமில்டனின் நிதிக் கொள்கையை எதிர்க்கத் தாமே ஒரு கட்சிக்குத் தலைவரானார்.

இதைப் போலித்தனம் என்று தள்ளிவிட நம் மனம் துடிக்கலாம். அது அவசர முடிவாகும். ஒருமித்த கருத்துடையோர் ஒன்றுகூடாமல் பரந்த நாட்டில் எதையும் செய்ய இயலாது என்பதை அவர்கள் பட்டறிந்தே உணர்ந்தார்கள். மேலும், 1801 மார்ச் 4-இல் ஜான் ஆடம்ஸின் கட்சி தோல்வியை ஏற்று விலக, ஜெஃபர்சனின் கட்சி பதவியேற்றது. ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் ஆட்சி கைமாறியது. கட்சியை வெறுத்தவர்கள் கட்சி அமைத்து, கட்சியின் தோல்வியை ஏற்கவும் கற்றுக்கொண்டனர். அமெரிக்கக் குடியரசின் பெரும் சாதனைகளுள் அது ஒன்று.

பதவி வேட்டை

எனினும், மேடிசன் அஞ்சிய ஊனம் விரைவில் வெளிப்பட்டது. 1824 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சன் 99 தேர்வாளர் வாக்குகளுடன் முன்னணியில் நின்றார். ஆனால் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாமையால் முடிவு கீழவைக்குச் சென்றது. அவை 84 வாக்குகள் பெற்றிருந்த ஜான் குவின்சி ஆடம்ஸைத் தேர்ந்தது. அவைத் தலைவராயிருந்து ஆடம்ஸுக்கு ஆதரவளித்த ஹென்றி கிளே சில நாள்களில் வெளியுறவு அமைச்சரானார். பேரம் நடந்தது என்று ஜாக்சனின் ஆதரவாளர்கள் கூக்குரலிட்டனர். அந்தச் சினமே 1828-இல் ஜாக்சனை ஆட்சியில் அமர்த்தியது.

ஊழலை ஒழிக்க வந்ததாகச் சொன்னவர்கள் செய்தது என்ன? அரசு வேலை எளிதானது, எவரும் செய்யலாம் என்று கூறி, பழைய அலுவலர் பலரை நீக்கித் தம் ஆதரவாளர்களை அமர்த்தினர். வென்ற படைக்கே கொள்ளைப் பொருள் உரியது என்னும் போர்க்கள நியாயத்தை வில்லியம் மார்சி என்பவர் 1832-இல் செனட் அவையிலேயே எடுத்துரைத்தார். அஞ்சல் நிலையம் முதல் சுங்கச் சாவடி வரை எல்லா வேலையும் கட்சிப் பரிசாயிற்று. அதன்பின் வந்த ஒவ்வொரு கட்சியும் அதே வழியில் நடந்தது. 'எல்லாரும் ஒன்றுதான்' என்ற எண்ணம் மக்கள் உள்ளத்தில் வேரூன்றியதற்கு இது வலுவான காரணம்.

வெறுப்பு தேடிய இலக்கு

1850-களில் பழைய கட்சிகள் அடிமை முறை குறித்த வழக்கால் சிதைந்துகொண்டிருந்தன. தொழில்முறை அரசியலார்மீது மக்களுக்குச் சலிப்பு மிகுந்திருந்தது. அப்போது மறைவாக இயங்கிய ஒரு சங்கம் கட்சியாக உருவெடுத்தது. அதன் உறுப்பினரை எவரேனும் விசாரித்தால் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று கூறவேண்டும் என்பது விதி. அதனால் 'ஒன்றுமறியார்' என்ற பெயரே அவர்களுக்கு நிலைத்தது. தாங்கள் அரசியலார் அல்லர், அரசியலைத் தூய்மைப்படுத்த வந்த எளிய குடிமக்கள் என்று அவர்கள் சொல்லிக்கொண்டனர். ஆனால் சீர்கேட்டுக்குக் காரணம் யார் என்று கேட்டபோது, அவர்கள் விரல் நீண்டது கத்தோலிக்கரை நோக்கி.

1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தால் அயர்லாந்திலிருந்து கப்பல் கப்பலாக ஏழைகள் வந்து இறங்கிய காலம் அது. ஜெர்மானியக் கத்தோலிக்கரும் வந்தனர். இவர்கள் திருத்தந்தையின் கட்டளைப்படி வாக்களிப்பார்கள், குடியரசைக் கவிழ்ப்பார்கள் என்ற வதந்தி பரவியது. 1855 ஆகஸ்ட் 6 அன்று கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் தேர்தல் நாளில் கலவரம் மூண்டது. குறைந்தது 22 பேர் உயிரிழந்தனர். குடியேறியோரின் வீடுகள் எரிக்கப்பட்டன.

அக்காலத்தின் வடு ஒன்று இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. தலைநகரில் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு நினைவுத் தூண் எழுப்ப 1848-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பல நாடுகளும் மாநிலங்களும் நினைவுக் கற்கள் அனுப்பின. திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் உரோமையிலிருந்து ஒரு பளிங்குக் கல்லை அனுப்பினார். 1854 மார்ச் 6 அதிகாலையில் ஒரு கும்பல் காவலாளியை அடைத்துவைத்து அக்கல்லைக் களவாடியது. அதை உடைத்துப் பொட்டோமாக் ஆற்றில் எறிந்துவிட்டதாகவே நம்பப்படுகிறது. இது ஒன்றுமறியார் செயல் என்றே அன்று முதல் கருதப்படுகிறது. அடுத்த ஆண்டு அக்கட்சியினர் நினைவுத் தூண் சங்கத்தையே கைப்பற்றினர். நன்கொடை வற்றியது. ஏறத்தாழ 150 அடி உயரத்தில் பணி நின்றது. 1879-இல்தான் வேலை மீண்டும் தொடங்கி, 1884-இல் 555 அடி உயரத்துடன் தூண் நிறைவெய்தியது. இடையில் கல் எடுக்கும் சுரங்கம் மாறிவிட்டபடியால் கீழ்ப்பகுதிக்கும் மேற்பகுதிக்கும் நிறம் வேறுபடுகிறது. கட்சிப் பகையைக் குறித்து எச்சரித்த பெரியவரின் நினைவுச் சின்னத்திலேயே கட்சிப் பகையின் கறை படிந்திருக்கிறது. கத்தோலிக்கர் அனுப்பிய மாற்றுக் கல் ஒன்று 1982-இல் அத்தூணில் இடம்பெற்றது.

தூய்மை பேசிய அக்கட்சி ஆட்சியில் என்ன செய்தது? மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 1854-இல் அது ஏறத்தாழ எல்லா இடங்களையும் வென்றது. அங்கே கறுப்பினக் குழந்தைகளைப் பொதுப் பள்ளிகளில் பிரித்துவைக்கும் வழக்கத்தை 1855-இல் அது சட்டத்தால் நீக்கியது என்பதை நேர்மையோடு குறிப்பிட வேண்டும். அதே சட்டமன்றம் கன்னியர் மடங்களைச் சோதனையிட ஒரு குழுவையும் அனுப்பியது. மடங்களில் குற்றம் எதுவும் அகப்படவில்லை. மாறாக, குழு உறுப்பினர் ஒருவரே பயணத்தில் முறைகேடாக நடந்துகொண்டு அதன் செலவை அரசுக் கணக்கில் எழுதியது வெளிவந்து, சட்டமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 1856 குடியரசுத் தலைவர் தேர்தலில் அக்கட்சி மேரிலாந்து என்ற ஒரே மாநிலத்தை வென்று, பின்னர்க் கரைந்து போயிற்று.

திருத்தம் செய்தவர்கள்

குடியேறியோரை எவரும் வரவேற்காத நியூயார்க் நகரில் அவர்களைத் தேடிச் சென்றது டம்மனி மன்றம் என்னும் ஜனநாயகக் கட்சி அமைப்பு. குளிருக்குக் கரியும், வேலையற்றவனுக்கு வேலையும், இறந்தவனுக்கு அடக்கச் செலவும் தந்து வாக்குகளைப் பெற்றுக்கொண்டது. அதன் தலைவரான வில்லியம் ட்வீட் நகரக் கருவூலத்தைச் சூறையாடினார். ஒரு நீதிமன்றக் கட்டடத்தின் பெயரால் மட்டும் பல மில்லியன் டாலர் களவுபோயிற்று. 1871-இல் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் கணக்குகளை வெளியிட்டது. 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழில் தாமஸ் நாஸ்ட் வரைந்த கேலிச் சித்திரங்கள் ட்வீட்டைத் தலைகுனிய வைத்தன. ட்வீட் 1878-இல் சிறையிலேயே இறந்தார்.

இங்கும் ஐயத்தின் இரு முகங்களையும் காண்கிறோம். ஊழலைத் துணிந்து எதிர்த்த அதே நாஸ்ட், 1871-இல் 'அமெரிக்கக் கங்கை' என்ற தலைப்பில், ஆயர்கள் முதலைகளாகக் கரையேறிப் பள்ளிக் குழந்தைகளை விழுங்க வருவதாக வரைந்தார். ஊழலும் கத்தோலிக்கமும் ஒன்றே என்பது அவர் எண்ணம் போலும். உண்மையோ வேறாக இருந்தது. ட்வீட் கத்தோலிக்கர் அல்லர். அவர் கூட்டத்துக்கு எதிராக வழக்கு நடத்திய வழக்கறிஞர்களுள் முதன்மையானவர் சார்லஸ் ஓ'கானர் என்னும் அயர்லாந்து வழிக் கத்தோலிக்கர்.

பதவிப் பரிசு முறைக்கு முடிவு வந்தது ஒரு கொலையால். 1881 ஜூலை 2 அன்று, தமக்குத் தூதரகப் பதவி கிடைக்காத ஏமாற்றத்தில் இருந்த சார்லஸ் கிட்டோ என்பவர், வாஷிங்டன் இரயில் நிலையத்தில் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சுட்டார். செப்டம்பர் 19-இல் கார்ஃபீல்ட் உயிர் நீத்தார். அவருக்குப்பின் வந்தவர் செஸ்டர் ஆர்தர். நியூயார்க் சுங்கத் துறைத் தலைவராயிருந்து பதவிப் பங்கீட்டிலேயே வளர்ந்தவர் அவர். கட்சிக்காக வேலை வழங்குகிறார் என்ற புகாரில் 1878-இல் அப்பதவியை இழந்தவர். அவரிடமிருந்து எவரும் நன்மை எதிர்பார்க்கவில்லை. ஆனால் தேர்வின் வழியாகத் தகுதி கண்டு அலுவலரை அமர்த்தும் பெண்டில்டன் சட்டத்தில் 1883 ஜனவரி 16 அன்று கையொப்பமிட்டவர் அவரே. தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்கே அது பொருந்தியது. பின்வந்த ஆண்டுகளில் அது மெல்லப் பரவி, கூட்டாட்சி வேலைகளுள் மிகப் பெரும்பான்மையைத் தழுவியது.

மனிதன் மாறமாட்டான் என்று முடிவுகட்டியவர்கள் ஆர்தரைக் கணக்கில் கொள்ளவில்லை. பல்லாண்டுகளாகத் தகுதித் தேர்வு வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்த சீர்திருத்தக்காரர்கள் சட்ட முன்வரைவை ஆயத்தமாக வைத்திருந்தார்கள். அதனால்தான் காலம் கனிந்தபோது அது சட்டமாயிற்று. செனட் உறுப்பினரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் 1913 ஆம் ஆண்டுத் திருத்தமும், பெண்களுக்கு வாக்குரிமை அளித்த 1920 ஆம் ஆண்டுத் திருத்தமும் இவ்வாறே நீண்ட உழைப்பின் கனிகள்.

பொய்களின் காலம்

1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அரசு வேலை தந்தது. 1935-இல் முதியோர்க்கு ஓய்வூதியம் அமைத்தது. பின்னர்ப் போரை வென்று, திரும்பிய வீரரைக் கல்லூரிக்கு அனுப்பியது. 1928-இல் ஆல் ஸ்மித் கத்தோலிக்கர் என்பதற்காகவே பலரால் வெறுக்கப்பட்டுத் தோற்ற நாட்டில், 1960-இல் ஜான் கென்னடி வென்றார். நாம் முதலில் கண்ட 73, 77 என்ற எண்கள் இக்காலத்துக்கு உரியவை.

அந்த நம்பிக்கையை அரசே தன் கையால் உடைத்தது. 1964 ஆகஸ்டில், டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. கீழவை 416 வாக்குகளால் ஒருமனதாகவும், செனட் 88-க்கு 2 என்ற கணக்கிலும் போருக்கு வழிவிட்டன. இரண்டாவது தாக்குதல் நிகழவே இல்லை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. வியட்நாமில் 58,000-க்கு மேற்பட்ட அமெரிக்கரும் பல இலட்சம் வியட்நாமியரும் மாண்டனர். தலைவர்கள் உள்ளே ஐயுற்றதையும் வெளியே வெற்றி பேசியதையும் காட்டும் மறைவு ஆவணங்கள் 1971 ஜூனில் வெளிவந்தன. 1972-இல் மற்றொரு கொடுமை அம்பலமானது. அலபாமாவின் டஸ்கீகீயில், அரசின் பொது நலத் துறை 1932 முதல் 40 ஆண்டுகள், மேகப்புண் கண்ட 399 ஏழைக் கறுப்பின ஆண்களுக்கு நோயின் பெயரையும் சொல்லாமல், மருந்து கண்டுபிடிக்கப்பட்ட பின்னும் அதைத் தராமல், நோயின் போக்கை மட்டும் குறித்துவைத்தது. இத்தகைய அரசை நம்பாதே என்று ஒருவர் சொன்னால் நாம் எவ்வாறு மறுப்போம்?

1972 ஜூன் 17-இல் வாட்டர்கேட் கட்டடத்தில் ஜனநாயகக் கட்சி அலுவலகத்துள் புகுந்த ஐவர் பிடிபட்டனர். அக்குற்றத்தை மூடிமறைத்ததில் குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சனுக்கே பங்கிருந்தது. அவரைப் பதவி நீக்கக் கோரி 1973 ஜூலை 31-இல் கீழவையில் முதல் தீர்மானம் கொணர்ந்தவர் மாசச்சூசெட்ஸ் உறுப்பினர் இராபர்ட் டிரைனன். அவர் இயேசு சபைக் குரு. கம்போடியாமீது மக்களுக்கும் அவைக்கும் தெரியாமல் குண்டு பொழிந்ததே அவர் காட்டிய தலையாய காரணம். நீதிக் குழு அக்குற்றச்சாட்டை ஏற்கவில்லை. ஆனால் வேறு மூன்று குற்றச்சாட்டுகளை 1974 ஜூலையில் ஏற்றது. முதல் குற்றச்சாட்டுக்கு நிக்சனின் சொந்தக் கட்சியினர் ஆறு பேரும் ஆதரவளித்தனர். ஆகஸ்ட் 9-இல் நிக்சன் பதவி விலகினார். கருக்கலைப்பு தொடர்பான டிரைனனின் வாக்குகள் திருச்சபையில் கடும் கண்டனத்துக்கு உள்ளாயின என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. குருக்கள் இத்தகைய பதவி வகிக்கலாகாது என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1980-இல் பணித்தபோது, அவர் கீழ்ப்படிந்து மறுதேர்தலுக்கு நிற்காமல் விலகினார்.

அக்காலத்தின் சினம் வீண்போகவில்லை. அரசு ஆவணங்களைக் குடிமக்கள் கேட்டுப் பெறும் உரிமை 1974-இல் வலுப்பெற்றது. ஃபிராங்க் சர்ச் தலைமையிலான செனட் குழு 1975, 1976 ஆம் ஆண்டுகளில் உளவுத் துறைகளின் அத்துமீறல்களை வெளிக்கொணர்ந்தது. 1978-இல் உளவு நடவடிக்கைகளுக்குத் தனி நீதிமன்றக் கண்காணிப்பு ஏற்பட்டது. இவை குறையுடையவையே. ஆயினும் ஐயம் சட்டமாக உருப்பெற்றதற்கு இவை சான்றுகள்.

நம்பாதிருக்க உரிமை பெற்ற ஒருவர்

அமெரிக்க அரசை நம்பாதிருக்க எவருக்கேனும் முழு உரிமை இருந்ததென்றால் அது ஃபேனி லூ ஹேமருக்கு இருந்தது. மிசிசிப்பியில் 1917-இல் குத்தகை உழவர் குடும்பத்தின் இருபதாவது பிள்ளையாகப் பிறந்த கறுப்பினப் பெண்மணி அவர். ஆறு வயதிலேயே பருத்திக் காட்டுக்குச் சென்றவர். வாக்களிக்கத் தமக்கு உரிமை உண்டு என்பதை அவர் தம் நாற்பதுகளில்தான் கேள்விப்பட்டார். 1962 ஆகஸ்ட் 31 அன்று 17 பேருடன் பேருந்தேறி இண்டியனோலா நகருக்குப் பெயர் பதியச் சென்றார். மாநில அரசியலமைப்பின் சிக்கலான ஒரு பகுதிக்கு விளக்கம் எழுதச் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினர். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அன்றிரவே துரத்தப்பட்டார். 1963-இல் வினோனா சிறையில் அடிபட்டார். அந்த அடியின் ஊறு வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை.

1964 ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டிக் சிட்டியில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில், மிசிசிப்பியின் வெள்ளையர் மட்டுமே கொண்ட குழுவுக்குப் பதிலாகத் தம் குழுவை ஏற்குமாறு அவர் சான்று பகர்ந்தார். தொலைக்காட்சியின் கவனத்தைத் திருப்ப, குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளரைக் கூட்டினார். ஆனால் அன்றிரவே ஹேமரின் சான்று நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று. இறுதியில் கட்சி அவர் குழுவுக்கு இரண்டே இருக்கைகளை, அவையும் பெயரளவுக்கு, தர முன்வந்தது. அவர்கள் மறுத்துத் திரும்பினர்.

இதற்குமேல் ஒருவர் 'எல்லாரும் ஒன்றுதான்' என்று வீட்டில் அமர்ந்துவிட்டால் யார் குறை கூறுவார்? ஹேமர் அமரவில்லை. ஓராண்டு கழித்து, 1965 ஆகஸ்ட் 6 அன்று, வாக்குரிமைச் சட்டத்தில் கையொப்பமிட்டவர் அவர் குரலை மறைக்க முயன்ற அதே ஜான்சன்! சட்டத்துக்குமுன் மிசிசிப்பியில் வாக்குரிமை வயதடைந்த கறுப்பினத்தவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேரே பெயர் பதிந்திருந்தனர். 1967-க்குள் அது ஏறத்தாழ 60 ஆயிற்று. 1968-இல் ஹேமர் அக்கட்சி மாநாட்டில் முறையான பேராளராக அமர்ந்தார். ஜான்சனின் நல்லெண்ணத்தை நம்பி அவர் புறப்படவில்லை. தம் உரிமை மெய்யானது என்பதை நம்பியே புறப்பட்டார்.

விரக்தியின் அறுவடை

1981 ஜனவரியில் பதவியேற்ற ரொனால்ட் ரேகன், அன்றைய நெருக்கடியில் அரசு தீர்வன்று, அரசே சிக்கல் என்று தம் முதல் உரையில் கூறினார். 1996-இல் எதிர்க்கட்சியைச் சேர்ந்த பில் கிளிண்டனும் பெரிய அரசின் காலம் முடிந்தது என்று அறிவித்தார். அரசைக் குறைகூறியே அரசுக்கு வருவது இரு கட்சிகளுக்கும் வழக்கமாயிற்று. இதற்கிடையே அந்த வெறுப்பின் கொடிய உருவத்தையும் நாடு கண்டது. 1995 ஏப்ரல் 19 அன்று, கூட்டாட்சி அரசைப் பகைவனாகவே கருதிய டிமத்தி மெக்வே, ஓக்லஹோமா நகரில் அரசு அலுவலகக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தான். 168 பேர் மாண்டனர். அவர்களுள் 19 பேர் குழந்தைகள். பெரும்பாலோர் அங்கிருந்த குழந்தைகள் காப்பகத்தில் இருந்தவர்கள். 'அரசு' என்று அவன் வெறுத்தது கடைசியில் எழுத்தரும் காப்பகச் சிறுவரும்தாம்.

பின்னர் 2000 ஆம் ஆண்டுத் தேர்தல் ஃபுளோரிடாவின் 537 வாக்குகளில் தொங்கி, உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. 2003-இல் ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்று கூறிப் போர் தொடுக்கப்பட்டது; ஆயுதங்கள் அகப்படவில்லை. 2010-இல் உச்ச நீதிமன்றம் தேர்தல் பரப்புரையில் நிறுவனங்களின் பணத்துக்கு இருந்த தடையை நீக்கியது. 2021 ஜனவரி 6 அன்று, தேர்தல் முடிவை நம்ப மறுத்த கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. அதற்குமுன் பல மாநில நீதிமன்றங்களும், தோற்ற வேட்பாளரே அமர்த்திய நீதிபதிகள் சிலரும் ஆதாரமில்லை என்று தீர்ப்பளித்திருந்தனர். ஆதாரத்தை ஐயுற்றவர்கள் வதந்தியை ஐயுறவில்லை.

ஆய்வுகள் காட்டும் இன்னொரு செய்தியும் உண்டு. தம் கட்சியினர் வெள்ளை மாளிகையில் இருக்கும்போது மக்களுக்கு அரசின்மீது நம்பிக்கை கூடுகிறது. மாற்றுக் கட்சி வந்ததும் குறைகிறது. எல்லாரையும் ஒருபோல் ஐயுறுவதாகச் சொல்பவர்கள், உண்மையில் மற்றவரையே ஐயுறுகிறார்கள்.

எஞ்சும் பாடம்

இந்த இருநூற்று முப்பது ஆண்டுக் கதையிலிருந்து நாம் எதைக் கொள்வோம்? ஆள்வோரை ஐயுறுவது பாவமன்று. ட்வீட்டின் கணக்கைக் கேட்டவர்களும், டஸ்கீகீயை வெளிப்படுத்தியவர்களும், நிக்சனை விசாரித்தவர்களும் ஐயுற்றதால்தான் உண்மை வெளிவந்தது. அவர்கள் தம் ஐயத்துக்கு விடை தேடினார்கள். கணக்கையும் ஆவணத்தையும் சாட்சியையும் கேட்டார்கள். விடை கிடைத்தபின் அதற்கேற்பச் சட்டம் செய்தார்கள். ஒன்றுமறியாரும் மெக்வேயும் விடையை முன்னரே முடிவுசெய்துவிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது பழிசுமத்த ஓர் ஆள் மட்டுமே. ஒரு காலத்தில் அந்த ஆள் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவனாக இருந்தான் என்பதை நாம் மறத்தலாகாது. அந்த நினைவு, நாளை வேறொருவன்மீது அதே பழி வீழும்போது நம்மைத் தடுத்து நிறுத்த வேண்டும்.

எல்லாரும் திருடர் என்ற தீர்ப்பினால் பயன்பெறுபவன் உண்மைத் திருடனே. கருவூலத்தைக் கொள்ளையடித்தவனையும், குறைந்த ஊதியத்தில் நேர்மையாய்க் கோப்பு பார்த்தவனையும் ஒரே தட்டில் வைத்துவிட்டால், முதலாமவனுக்குத் தண்டனை இல்லை. இரண்டாமவனுக்கு ஊக்கம் இல்லை. பொதுநன்மை என்பது எவர் கையிலும் இல்லாத பொருளாகிவிடும்.

அமெரிக்கர் முழுதும் கைவிட்டுவிடவில்லை என்பதற்கும் ஓர் அடையாளம் உண்டு. பெருந்தொற்று பரவியிருந்த 2020-இல், வாக்களிக்கத் தகுதி பெற்றோருள் மூவரில் இருவர் வாக்களித்தனர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அத்தகைய விகிதம் அங்கே கண்டதில்லை. அரசை நம்பவில்லை என்று ஆய்வாளரிடம் கூறியவர்களுள் பெரும்பாலோரும் அந்த வரிசையில் நின்றிருக்கவே வேண்டும். அவர்களுள் எத்தனை பேர் நன்மையை நாடி நின்றனர், எத்தனை பேர் மாற்றுக் கட்சிமீது கொண்ட வெறுப்பால் நின்றனர் என்பதை எண்கள் கூறமாட்டா. அதை அந்நாட்டின் வரும் தலைமுறை கூறும்.